இருபது முகப் பகடை உண்மை பேசுமா?

தாயக்கட்டையை உருட்டியிருக்கிறீர்களா? நீளமான பித்தளைக் கட்டை அது. உருட்டினால் நான்கு நீண்ட பக்கங்களில் ஏதேனும் ஒன்றின் மீதுதான் படுக்கும். முனையைக் குத்தி நிற்காது. ஆகவே அதற்கு நான்கே விடைகள். பரமபதம் ஆடும்போது நாம் உருட்டும் பகடைக்கு ஆறு முகங்கள், ஆறு விடைகள். சரி, இருபது விடைகள் வேண்டுமென்றால் என்ன செய்வது?

இருபது முகமுள்ள பகடையைச் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட பகடைகளை உலகின் பல நாடுகளில் இன்று இளைஞர்கள் வாங்குகிறார்கள். வண்ணவண்ணமாகச் சேர்த்து வைக்கிறார்கள். சிலர் தாமே வார்த்தும் எடுக்கிறார்கள். உள்ளே உலர்ந்த பூவிதழ் மிதக்கும் பகடை, புகை சுழல்வதுபோல் வண்ணம் இறங்கிய பகடை, கல்லில் கடைந்த பகடை என்று எத்தனையோ வகை. பார்க்க அழகுதான். ஆனால் பகடைக்கு அழகைவிட முக்கியமான கடமை ஒன்று உண்டு. எல்லா முகங்களுக்கும் அது சம வாய்ப்புத் தர வேண்டும். அழகுக்காகச் செய்யும் வேலை இந்தக் கடமையைக் கெடுத்துவிடுமா? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கதையை நடத்தும் எண்

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளியாயிற்று. அதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதை சொல்பவர். மற்றவர்கள் கதையில் வரும் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். மேடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. எல்லாம் வாய்ப் பேச்சிலேயே நடக்கும்.

"இந்தக் கோட்டை மதிலைத் தாவப் போகிறேன்" என்கிறான் திருடன். தாவினானா, விழுந்தானா? யார் முடிவு செய்வது? இருபது முகப் பகடைதான். "15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தாவிவிட்டாய்" என்கிறார் கதை சொல்பவர். 15 முதல் 20 வரை ஆறு முகங்கள். இருபதில் ஆறு என்றால் நிகழ்தகவு 30 சதவீதம். ஒவ்வொரு முகமும் 5 சதவீதம் என்பதால் கணக்கு மிகவும் எளிது. இரண்டு மாதம் கூடி வளர்த்த கதையின் நாயகன் பிழைப்பானா மாட்டானா என்பதும் இப்படி ஒரே உருட்டலில் முடிவாகலாம். அந்தப் பகடை நேர்மையாக இல்லாவிட்டால் ஆடுபவர்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

அந்த விளையாட்டுக்குரிய பகடைகள் முதலில் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? பள்ளிகளுக்குக் கணிதப் பாடக் கருவிகள் விற்ற ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலிலிருந்து! நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என்ற ஐந்து ஒழுங்கு வடிவங்களும் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக விற்கப்பட்டன. மென்மையான பிளாஸ்டிக், சில மாதம் ஆடினால் முனைகள் தேய்ந்து உருண்டுவிடும். எண்கள் பள்ளமாக மட்டும் இருக்கும், வண்ணம் இராது. வாங்கியவரே மெழுகு வண்ணக்குச்சியைத் தேய்த்துப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அக்காலத்து இருபதுமுகியில் 0 முதல் 9 வரையிலான எண்கள் இருமுறை பொறிக்கப்பட்டிருந்தன. ஆகவே ஆடுபவர்கள் ஒரு பாதி எண்களுக்குச் சிவப்பும் மறு பாதிக்கு நீலமும் பூசி, ஒரு நிறத்தை 1 முதல் 10 என்றும், மற்றதை 11 முதல் 20 என்றும் வைத்துக்கொண்டார்கள். பகடையைத் தம் விருப்பப்படி அழகுபடுத்தும் கலை இந்த வண்ணக்குச்சியிலிருந்தே தொடங்கிற்று எனலாம்.

ஏன் ஐந்தே ஐந்து?

ஒழுங்கு வடிவம் என்றால் எல்லா முகங்களும் ஒரே அளவுள்ள ஒழுங்குப் பல்கோணங்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் அதே எண்ணிக்கையில் முகங்கள் கூட வேண்டும். இத்தகைய வடிவங்கள் ஐந்துக்கு மேல் இல்லை என்பதை யூக்ளிட் தம் நூலின் கடைசிப் பகுதியில் காட்டியிருக்கிறார். இதை நீங்களே ஒரு தாளில் சரிபார்க்கலாம்.

ஒரு முனையில் குறைந்தது மூன்று முகங்கள் கூட வேண்டும். கூடும் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும்; 360 ஆகிவிட்டால் தாள் தட்டையாகிவிடும், கூம்பாக எழாது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை. மூன்று கூடினால் 180, நான்கு கூடினால் 240, ஐந்து கூடினால் 300. இவை முறையே நான்முகி, எண்முகி, இருபதுமுகி. ஆறு கூடினால் 360, அங்கே கதை முடிந்தது. சதுரம் மூன்று கூடினால் 270; அது கனசதுரம். ஐங்கோணத்தின் கோணம் 108, மூன்று கூடினால் 324, அது பன்னிருமுகி. அறுகோணம் மூன்று கூடினாலே 360 ஆகிவிடுகிறது. எண்ணிப் பாருங்கள், ஐந்துதான்.

இருபதுமுகி புதிய கண்டுபிடிப்பு அன்று. கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகக் கல் பகடைகள் பழைய எகிப்தில் கிடைத்துள்ளன; நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். மெசபொத்தேமியாவின் ஊர் நகரக் கல்லறைகளில் கிடைத்த விளையாட்டுப் பலகையுடன் நான்முகிப் பகடைகள் இருந்தன. அவற்றின் வயது சுமார் 4,500 ஆண்டுகள். மொகஞ்சதாரோவில் கிடைத்த சுடுமண் பகடைகளோ கனசதுரங்கள். அவற்றில் 1-க்கு எதிரே 2, 3-க்கு எதிரே 4, 5-க்கு எதிரே 6 என்று புள்ளிகள் அமைந்திருக்கின்றன. இன்றைய பகடையில் எதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வரும் அல்லவா? அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

இன்று கடையில் விற்கும் தொகுப்பில் ஏழு பகடைகள் இருக்கும். ஐந்து ஒழுங்கு வடிவங்களுடன் இரண்டு பத்து முகப் பகடைகள். ஒன்றில் 0 முதல் 9 வரை, மற்றதில் 00, 10, 20 என்று 90 வரை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நூறு விடைகள். பத்து முகப் பகடை ஒழுங்கு வடிவம் அன்று. பட்டம் போன்ற பத்து நாற்கோணங்களால் ஆனது. ஆனாலும் பத்தும் ஒரே அளவு, ஒரே வகையில் அமைந்தவை என்பதால் வாய்ப்பு சமம். நான்முகியை உருட்டினால் மேலே முகம் வராது, முனைதான் வரும். அதனால் எண்ணை முனையோரத்திலோ அடியோரத்திலோ பொறிப்பார்கள். தரையில் விழுந்த நான்முகியை இருட்டில் மிதித்தவர்களுக்கு நெருஞ்சி முள் நினைவுக்கு வரும்!

இருபதுமுகியில் எண்கள் அமைந்திருக்கும் முறையைக் கவனியுங்கள். எதிர் முகங்களைக் கூட்டினால் 21. பெரிய எண்ணாகிய 20-ஐச் சுற்றி இருப்பவை 2, 8, 14. சிறிய எண்ணாகிய 1-ஐச் சுற்றி 7, 13, 19. பெரிய எண்களையும் சிறிய எண்களையும் கலந்து அடுக்கியிருக்கிறார்கள். பகடை ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்து உருண்டாலும் பெரிய எண்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வராது. உற்பத்தியில் நேரும் சிறு குறையை எண்களின் அடுக்கு ஓரளவு ஈடுசெய்கிறது. நல்ல யோசனைதானே!

வார்த்தெடுக்கும் வேலை

கையால் பகடை செய்பவர்கள் பெரும்பாலும் எபாக்சி என்ற பிசினைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு திரவங்கள், ஒன்று பிசின், மற்றது கெட்டியாக்கி. குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, ஓரிரு நாளில் கண்ணாடி போன்ற திண்மமாகிவிடும். இவ்வினையில் வெப்பம் வெளிப்படும். ஒரே கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் புகையும் அளவுக்குச் சூடேறிவிடும்.

முதலில் மெருகேற்றிய மாதிரிப் பகடை ஒன்று வேண்டும். அதைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார்கள். மாதிரியின் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அச்சிலும் வரும். அதிலிருந்து வார்க்கும் ஒவ்வொரு பகடையிலும் வரும். ஆகவே மாதிரிக்கு மட்டும் நாள்கணக்கில் மெருகு போடுகிறவர்கள் உண்டு. அச்சில் பிசினை ஊற்றி, மேல் மூடியை வைத்து மூடிவிடுவார்கள்.

அடுத்த தொல்லை காற்றுக் குமிழ்கள். கலக்கும்போது பிசினில் ஆயிரக்கணக்கில் குமிழ்கள் புகுந்துவிடும். இதற்கு வழி, அச்சை அழுத்தக் கலனுக்குள் வைத்துச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு அழுத்தத்தில் காற்றை ஏற்றி, பிசின் இறுகும்வரை அப்படியே விட்டுவைப்பது. பாயில் விதி நினைவிருக்கிறதா? வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் கலனுக்குள் இருப்பது ஏறத்தாழ 3.7 மடங்கு அழுத்தம். குமிழின் கன அளவு நான்கில் ஒரு பங்கை நெருங்கும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கன அளவு அவ்வளவு குறைந்தாலும் விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். ஏனெனில் கன அளவு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. அப்படியானால் குமிழ்கள் கண்ணுக்கே தெரியாமல் மறைவது எப்படி? அழுத்தம் கூடினால் வாயு திரவத்தில் அதிகமாகக் கரையும். மூடிய சோடாப் புட்டியில் குமிழ்கள் தெரிவதில்லை அல்லவா, அதுபோலத்தான். நுண்ணிய குமிழ்களின் காற்று பிசினிலேயே கரைந்துவிடுகிறது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிலிக்கோன் அச்சை அழுத்தத்தில் வைக்காமல் செய்திருந்தால் அதன் சுவருக்குள் குமிழ்கள் ஒளிந்திருக்கும். பின்னர் அழுத்தக் கலனில் வைக்கும்போது அந்தக் குமிழ்கள் நசுங்கும். அச்சின் சுவர் அங்கங்கே உள்வாங்கும். அப்பள்ளங்களில் பிசின் புகுந்து பகடையின் முகத்தில் பருக்கள் போல நிற்கும். ஆகவே அச்சையும் அதே அழுத்தத்தில் இறுக விட வேண்டும்.

வண்ணம் சேர்ப்பதிலும் இயற்பியல் இருக்கிறது. ஆல்கஹாலில் கரைத்த மைத்துளிகளைப் பிசின் பரப்பில் விட்டு, அவற்றின் மேல் வெள்ளை மையைச் சொட்டுவார்கள். வெள்ளை மையில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற கனமான தூள் இருப்பதால் அது கீழே மூழ்கும். மூழ்கும்போது வண்ண மையையும் தன்னுடன் இழுத்துச் செல்லும். கடல் பாசி போன்ற நீண்ட இழைகள் உள்ளே தோன்றும். சரியான நேரத்தில் பிசின் இறுகத் தொடங்கி அவற்றை அப்படியே பிடித்துக்கொள்ளும். இவ்வகைப் பகடைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று அமைவதே இல்லை. பூவிதழ் வைப்பதானால் அதை ஈரம் சிறிதும் இல்லாமல் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பேறிவிடும்.

அச்சிலிருந்து எடுத்தபின் மூடியிருந்த முகத்தில் பிசின் சற்றுப் பிதுங்கி நிற்கும். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பிறகு மேலும் மேலும் நுண்ணிய தாள்களால் மெருகேற்றுவார்கள். எண்களின் பள்ளத்தில் வண்ணம் பூசி, மேலே படிந்ததைத் துடைத்துவிட்டால் பகடை தயார்.

ஒரு எச்சரிக்கை. இறுகாத எபாக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை ஏற்படலாம். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் வாழ்நாள் முழுவதும் அது நீடிக்கக்கூடும். அழகான பகடைகள் வார்த்துப் பெயர் பெற்றவர்களிலும் சிலர் இதனால் இத்தொழிலையே விட நேர்ந்திருக்கிறது. உலர்வாக உப்புத்தாள் தேய்த்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. அழுத்தக் கலனோ சரியாக மூடாவிட்டால் வெடிகுண்டுக்குச் சமம். ஆகவே நீங்கள் வீட்டில் தனியாக இதில் இறங்க வேண்டாம். கையுறை, முகமூடி, காற்றோட்டம், அனுபவமுள்ள பெரியவர் ஒருவர், இவ்வளவும் இருந்தால்தான் யோசிக்கலாம்.

கல்லில் கடைந்த பகடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுளூரைட் என்ற கனிமம் குறிப்பிட்ட நான்கு தளங்களில் மட்டும் எளிதாகப் பிளக்கும். பக்குவமாகத் தட்டினால் அழகான எண்முகி கிடைக்கும். கணித நூலில் நாம் படிக்கும் வடிவத்தை மண்ணுக்குள் அணுக்களே அடுக்கி வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பிளவுக் குணத்தாலேயே ஃபுளூரைட் பகடை கீழே விழுந்தால் சிதறிவிடும். துணி விரித்த தட்டில்தான் அதை உருட்ட வேண்டும்.

குமிழா, தேய்மானமா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பகடைக்குள் ஒரு குமிழ் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளிம்பு 12 மில்லிமீட்டர் உள்ள இருபதுமுகியின் கன அளவு ஏறத்தாழ 3.8 கன சென்டிமீட்டர். எபாக்சியின் அடர்த்தியை 1.1 எனக் கொண்டால் நிறை 4 கிராமுக்குச் சற்று மேல். உள்ளே 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குமிழ், மையத்திலிருந்து 7 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய குமிழ்தான். அங்கே இல்லாமற்போன நிறை சுமார் 0.016 கிராம். இதனால் நிறை மையம் எவ்வளவு நகரும்? ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு! தலைமயிரின் தடிமனை விடக் குறைவு.

ஆனால் உப்புத்தாளில் ஒரு முகத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால்? 0.2 மில்லிமீட்டர் தேய்வதற்கு அதிக நேரம் ஆகாது. அந்த முகம் மையத்துக்கு அவ்வளவு நெருங்கிவிடும். அதன் பரப்பும் பெரிதாகும். தட்டையான பொருள் தட்டையாகவே படுக்க விரும்பும் அல்லவா? செங்கல்லை எறிந்தால் அகன்ற பக்கத்தில்தான் பெரும்பாலும் விழும். ஆகவே தேய்ந்த முகமும் அதன் எதிர் முகமும் கூடுதலாக வரும். உள்ளே இருக்கும் பூவையும் குமிழையும் பார்த்து அஞ்சுகிறோம்; உண்மையில் அதிகம் அஞ்ச வேண்டியது மெருகேற்றும் கைக்கு.

இது ஊகம் மட்டும் அன்று. 1894-இல் வெல்டன் என்ற ஆங்கிலேய உயிரியல் அறிஞர் பன்னிரண்டு சாதாரணப் பகடைகளை 26,306 முறை உருட்டிப் பதிவு செய்தார். 5-உம் 6-உம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.33 சதவீதம் வர வேண்டும். வந்ததோ 33.77 சதவீதம். 1900-இல் கார்ல் பியர்சன் தாம் வகுத்த கை-வர்க்கச் சோதனையை இந்த எண்களின்மீது செலுத்தி, இது தற்செயலாக நேர்ந்திராது என்று காட்டினார். ஆறு புள்ளிகள் தோண்டிய முகம் இலேசானது, ஆகவே மேலே வருகிறது என்று விளக்கம் தரப்பட்டது. 2009-இல் சிகாகோவில் ஓர் ஆய்வாளர் தானே உருட்டித் தானே எண்ணும் கருவியைச் செய்து, அதே 26,306 உருட்டல்களைத் திரும்பச் செய்தார். அவர் பகடைகளில் கூடுதலாக வந்தவை 1-உம் 6-உம்! அளந்து பார்த்தபோது, 1-6 முகங்களுக்கு இடைப்பட்ட தூரம் மற்ற இரண்டு திசைகளைவிடச் சற்றே குட்டையாக இருந்தது. அங்கேயும் குற்றவாளி புள்ளிப் பள்ளம் அன்று, வடிவம்தான்.

தொழிற்சாலைப் பகடைகளை உராய்வுப் பொருளோடு பீப்பாயில் போட்டுச் சுழற்றி மெருகேற்றுகிறார்கள். எல்லா முகங்களும் ஒரே அளவு தேய்வதில்லை. லூ சோக்கி என்ற அமெரிக்கப் பகடை உற்பத்தியாளர் மற்ற நிறுவனங்களின் இருபதுமுகிகளை வெவ்வேறு முகங்களில் படுக்க வைத்து அடுக்கி, உயரங்கள் ஒத்துப்போகாததைக் கண்காட்சிகளில் காட்டினார். தம் பகடைகளைச் சுழற்றித் தேய்க்காமல், கூரான விளிம்புகளோடு, அச்சில் ஒட்டியிருந்த தழும்போடே விற்றார். அவரே 1985-இல் நூறு முகப் பகடை ஒன்றையும் வெளியிட்டார். அது கிட்டத்தட்டப் பந்து, உருண்டுகொண்டே போகும். அதை நிறுத்தச் சிறு எடைகளை உள்ளே போட வேண்டியதாயிற்று!

சூதாட்ட விடுதிகளில் பணம் புழங்குவதால் அங்கே கண்டிப்பு அதிகம். கனசதுரத்தின் பக்கங்கள் 0.0005 அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 0.013 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக்கூடாது. புள்ளிகளைத் தோண்டி, அதே அடர்த்தியுள்ள வண்ணத்தால் மட்டமாக நிரப்புகிறார்கள்.

நீங்களே சோதியுங்கள்

ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் 100 மில்லிலிட்டர் வெந்நீருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரையுங்கள். ஆறியதும் அதன் அடர்த்தி சுமார் 1.2. அக்ரிலிக், எபாக்சிப் பகடைகள் இதில் மிதக்கும். மிதக்காவிட்டால் சர்க்கரைப் பாகு முயலுங்கள். பகடையைக் கரண்டியால் அமிழ்த்திச் சுழற்றிவிடுங்கள். எழும்பி நின்றதும் மேலே உள்ள எண்ணைக் குறியுங்கள். பத்து முறையும் ஒரே எண் வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் கனமானது. ஆனால் நாம் பார்த்தபடி, மிதப்புச் சோதனை மிகவும் கூர்மையானது. நாற்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டரையும் காட்டிக் கொடுக்கும். மேசையில் உருளும்போது அது பொருட்டாகாமல் போகலாம். முகங்கள் சமமாகத் தேய்ந்துள்ளனவா என்பதை நீர் சொல்லாது. அதற்கு வெர்னியர் அளவுகோல் வேண்டும்.

பிறகு உருட்டிப் பாருங்கள். ஆறு முகப் பகடையை 60 முறை உருட்டினால் ஒவ்வொரு எண்ணும் 10 முறை வரவேண்டும் என எதிர்பார்ப்போம். வந்தவை 8, 12, 9, 11, 6, 14 என்று கொள்வோம். வேறுபாடுகளை வர்க்கமாக்கிக் கூட்டினால் 4+4+1+1+16+16 = 42. அதை 10 ஆல் வகுத்தால் 4.2. ஆறு முகங்களுக்கு இந்த எண் 11.07-ஐத் தாண்டினால்தான் ஐயப்பட வேண்டும். ஆகவே 14 முறை வந்த எண்ணைப் பார்த்துப் பகடைமீது பழி போடாதீர்கள். இருபது முகத்துக்கு அந்த எல்லை 30.14, ஒவ்வொரு முகத்துக்கும் ஐந்து முறையாவது எதிர்பார்க்க, குறைந்தது 100 முறை உருட்ட வேண்டும். சிறு கோணலைப் பிடிக்க நூறு போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும்.

சிறு எண்ணாகவே விழும் பகடையை மூடிய பெட்டியில் 'சிறை' வைக்கும் வழக்கம் ஆடுபவர்களிடையே உண்டு. வேடிக்கைதான்; பகடைக்கு நினைவாற்றல் கிடையாது, முந்தைய உருட்டல் அடுத்ததைத் தொடாது. ஆனால் 500 முறை குறித்த பட்டியல் கையில் இருந்து, அதன் எண் 30.14-ஐத் தாண்டியிருந்தால் அந்தச் சிறைவாசம் நியாயமானதே.

உப்பு நீரிலிருந்து எடுத்த பகடையை நல்ல நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் எண்களின் பள்ளத்தில் உப்புப் பூக்கும். உலோகப் பகடையை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். அது மூழ்கும், உப்பு அரிக்கவும் செய்யும்.